தார்ப்பாய்க்கு அடியில் வடக்குக் கம்பெனி

தகபயாஷி இசாமு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்க்க வேண்டுமென்றால் கையில் கொஞ்சம் நேரத்தோடு வர வேண்டும். முதலில் அடுப்புக்கு முன்னால் போய் விறைப்பாக நிற்பார். வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் அடுப்பின் திருகைக் குறி பார்த்து, "அடுப்பு, சரி!" என்பார். அப்புறம் ஜன்னல், சரி. குழாய், சரி. பின்கதவு, சரி. இத்தனையும் முடிந்து அவர் வாசலுக்கு வருவதற்குள் அவர் மனைவி யசுயோ தெருமுனை வரைக்கும் போய் இரண்டு பேரிடம் ஊர்க்கதை பேசி முடித்திருப்பாள்.

ஹமமட்சுவில் விரல் நீட்டிச் சரி சொல்கிறவர்கள் ஊர் முழுக்க உண்டு. ரயில் ஓட்டுகிறவரும் சொல்வார், பியானோவுக்குக் கம்பி பூட்டுகிறவரும் சொல்வார். ஆனால் அவர்களெல்லாம் சாயங்காலம் வேலை உடுப்போடு சேர்த்து அதையும் கழற்றி மாட்டிவிட்டு வருகிற ஆட்கள். இசாமுவால் முடியவில்லை. மோட்டார் சைக்கிள் கம்பெனியில் கடைசிப் பரிசோதனைப் பிரிவு அவருக்கு. தலை முதல் வால் வரை பார்த்து, அவர் சரி சொன்னால்தான் வண்டி வாசல் தாண்டும். இல்லையென்றால் கைப்பிடியில் சிவப்பு அட்டை தொங்கும். ஒருமுறை சொன்ன சரியை அவர் திரும்ப வாங்கியது கிடையாது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அவருடைய வீட்டிலேயே ஒரு சிவப்பு அட்டை இரண்டு வருஷமாக நடமாடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தோமோயா. நல்ல பையன், குடிக்கிறதில்லை, பாத்திரம் கழுவுவான், பிள்ளையைக் குளிப்பாட்டுவான். ஒரே மகள் அயுமிக்காக வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து இருக்கிறவன். ஆனால் பிழைப்பு வடக்குக் கம்பெனியில். ஊரில் மோட்டார் சைக்கிள் கம்பெனி இரண்டு. ரயில் பாதைக்குத் தெற்கே இசாமுவினுடையது, வடக்கே மற்றது. மற்றதன் பெயரை இசாமு வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. பெண் கேட்டு வந்த அன்று தோமோயாவை மேலும் கீழும் பார்த்த இசாமு, "பாப்போம்" என்று மட்டும் சொன்னார். கல்யாணம் முடிந்து, ரிகு பிறந்து, அவனுக்கு இரண்டு பல்லும் முளைத்தாகிவிட்டது. மாமனார் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தோமோயாவின் வண்டியும் வடக்குக் கம்பெனி வண்டிதான். தெரு முழுக்கத் தெற்குக் கம்பெனிக் குடும்பங்கள். அதனால் ஒரு ஏற்பாடு. முடிதிருத்தும் கடை முனையிலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். பின்சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டுக்குப் பின்னால் நிறுத்தி, நீலத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். மழையானாலும் இதுதான், காய்ச்சலானாலும் இதுதான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யசுயோ கியோசா சுட்டாள். மாவுக்குள் முட்டைக்கோசும் இறைச்சியும் வைத்து மடித்து, சட்டியில் வட்டமாக அடுக்கிச் சுட்டு, நடுவில் விழும் குழியில் வேகவைத்த பயறு முளையைக் குவிப்பது அந்த ஊர் வழக்கம். தட்டு மேசைக்கு வந்ததும் இசாமுவின் விரல் எழுந்தது.

"விரலை மடக்குங்க. என்ற கியோசாவுக்கு உங்க சர்டிபிகேட் வேண்டாம்" என்றாள் யசுயோ.

"ஒண்ணு கோணையா இருக்குதுன்னு சொல்ல வந்தேன்."

"வயித்துக்குள்ள போனா எல்லாம் நேராயிரும். தின்னுங்க."

தோமோயா சிரிப்பை மென்று விழுங்கினான். பிறகு முகத்தைச் சீராக்கிக்கொண்டு, "அத்தை, இந்தப் பக்கம் திருட்டுப் பயம் ஏதும் உண்டுங்களா?" என்றான்.

"எதுக்குக் கண்ணு?"

"என்ற வண்டியை யாரோ தொடுறாங்க. செயின் லூசாக் கெடந்துச்சு, லீவு நாள்ல பாத்துக்கலாம்னு விட்டிருந்தேன். மக்யா நாள் காலையில பாத்தா கிண்ணுனு இருக்குது. ஆயில் போட்டு, தொடைச்சு வேற வெச்சிருக்குது."

"அட, நல்ல திருடனா இருக்கானே" என்றாள் அயுமி. "அப்படியே நம்ம பாத்ரூமையும் சித்தெ கழுவிட்டுப் போகச் சொல்லுங்க."

"சிரிக்காத அயுமி. இன்னிக்குச் செயின்ல கை வெச்சவன் நாளைக்குப் பிரேக்குல வெச்சா? போலீஸ்ல சொல்லிரலாம்னு பாக்கறேன்."

இசாமுவுக்குப் பயறு முளை புரையேறிவிட்டது. யசுயோ முதுகில் தட்டினாள். கண்ணெல்லாம் சிவந்து, தண்ணீர் குடித்து, ஒருவழியாக மூச்சு வந்ததும், "போலீசெல்லாம் எதுக்கு? பூனையா இருக்கும்" என்றார்.

"பூனை ஆயில் போடுமா மாமா?"

"வடக்குக் கம்பெனி வண்டியில என்ன வேணா நடக்கும்."

தோமோயா குச்சிகளைக் கீழே வைத்தான். அயுமிதான் பேசினாள்.

"அப்பா, சொல்லாம வெச்சிருந்தேன். இப்பச் சொல்லிர்றேன். பட்டத் திருவிழா முடிஞ்சதும் நாங்க வடக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸுக்குப் போறோம். அங்க வண்டியை வாசல்லயே நிறுத்தலாம். ரெண்டு வருசமா இவரு சொந்த வண்டியைத் திருட்டு வண்டியாட்டத் தள்ளிட்டு வர்றாரு. இவருக்கும் ரோசம் இருக்குமில்ல?"

"ரிகு?" என்றார் இசாமு.

"ரிகுவை உங்களுக்கு அடமானம் வெச்சுட்டா போவோம்? அவனுந்தான் வருவான்."

ரிகு தன் உயர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கியோசாவைப் பிதுக்கிக்கொண்டிருந்தான். இசாமு அவனையே பார்த்தார். அந்தப் பயலின் அழுகைச் சத்தம் இல்லாத வீட்டில் வேலைவிட்டு வந்து என்ன செய்வது? போகாதீங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது என்னவோ, "பாப்போம்" தான்.

பூனை யாரென்று இன்னும் தனியாகச் சொல்ல வேண்டுமா? காலையில் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான். ஆசைப்பட்டு அவர் அதைச் செய்யவில்லை. முடிதிருத்தும் கடை முனையில் வண்டி திரும்பும்போதே அந்தச் செயின் பல்சக்கரத்தில் தட்டுகிற சத்தம் அவர் காதில் விழும். விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒருநாள் பொறுத்தார், இரண்டு நாள் பொறுத்தார், மூன்றாம் நாள் ஸ்பேனரை எடுத்துவிட்டார். ஒரு கண்ணி தேய்ந்துபோயிருந்ததைப் பார்த்து, தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு பக்கத்து ஊர்க் கடைக்குப் போய், வடக்குக் கம்பெனியின் அசல் கண்ணியையே வாங்கி வந்து பூட்டினார். கடைக்காரன் பை வேண்டுமா என்று கேட்டதற்குக்கூட அவர் பதில் சொல்லவில்லை.

இதற்கிடையில் தெருவே பட்டத்தில் மூழ்கிக் கிடந்தது. மூத்த பிள்ளை பிறந்த வீட்டுக்கு மே மாதத் திருவிழாவில் தெருச் சங்கம் பட்டம் விட்டுக் கொடுக்கும். நாலு பாயை விரித்துப்போட்ட அகலம். தெருவின் சின்னம் பெரிதாக, மூலையில் பிள்ளையின் பெயர். கடற்கரை மணல்மேட்டில் எல்லாத் தெருப் பட்டங்களும் ஏறும். அன்றைக்கு ஏறாத பட்டத்துக்குச் சொந்தக்காரன் அடுத்த மே வரைக்கும் தலைகுனிந்துதான் ஊறுகாய் வாங்கப் போக வேண்டும்.

பட்டத்துக்கு உயிர் சூத்திரக் கயிறுதான். மூங்கில் சட்டத்தின் முடிச்சுகளிலிருந்து வரும் கயிறுகளெல்லாம் முன்னால் ஒரே கொண்டையில் சேரும். அளவு பார்த்து வெட்டித் தனிப் பையில் வைத்திருந்து, திருவிழா அன்று காலையில்தான் பட்டத்தில் கட்டுவார்கள். சங்கக் கூடத்தில் அந்தக் கயிறுகளைப் பார்த்த இசாமு விரலை நீட்டினார். சரி வரவில்லை.

"இடது ஓரத்துக் கயிறு ஒரு விரக்கடை குட்டை" என்றார்.

சங்கத் தலைவர் ஓட்சுகா, கம்பெனியிலும் அவருக்கு மேலதிகாரி. வயிறு பெருத்த, சத்தமாகச் சிரிக்கிற மனிதர். அன்று சிரிக்கவில்லை. "தகபயாஷி சான், உங்க விரலைக் கம்பெனியில வெச்சுட்டு வாங்க. என்ற தாத்தன் காலத்திலிருந்து பட்டம் விடுறோம். இதைத் தொட்டீங்க, கை இருக்காது."

தொடாதே என்றால் தொடுகிற ஜாதி அல்ல இசாமு. ஆனால் ஒரு விரற்கடை. பேரனுடைய பட்டம். திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பையிலிருந்த கயிற்றுக் கட்டை மட்டும் உருவிச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு வந்துவிட்டார். ஷெட்டில் வைத்து, குட்டைக் கயிற்றை நீளமாக மாற்றிக் கட்டி, கல்லைத் தொங்கவிட்டு நீவி வைத்தார். காலையில் முதல் ஆளாகப் போய்ப் பையில் வைத்துவிடலாம் என்பது திட்டம்.

திருவிழாக் காலையில் வீடே அல்லோலகல்லோலம். ரிகுவுக்குத் தெருச் சின்னம் போட்ட குட்டிச் சட்டை. அவன் அதில் மூத்திரம் போய், அதை அயுமி அலசி, விசிறியால் வீசிக் காய வைத்து மறுபடி போட்டாள். சங்கத்துப் பஸ் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. இசாமு ஓடி ஓடி விரல் நீட்டினார். அடுப்பு, சரி. ஜன்னல், சரி. கடைசியாக ஷெட். "ஷெட்டுப் பூட்டு, சரி!" பூட்டில் ஒரு குறையும் இல்லைதான். உள்ளே என்ன இருக்கிறதென்று விரல் கேட்கவில்லை.

மணல்மேட்டில் காற்று அற்புதமாக இருந்தது. கடலிலிருந்து ஒரே சீராக, தள்ளிவிடாமல், தாங்குகிற காற்று. தெருத் தெருவாகக் கொடிகளும் ஊதுகொம்புகளும். ஓட்சுகா கம்பீரமாகப் பையைத் திறந்து கையை விட்டார். அப்புறம் தலையையே விட்டார்.

"சூத்திரம் எங்கடா?"

மணலில் மல்லாந்து கிடந்த பட்டத்தின் மூலையில் ரிகு என்ற பெயர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ற வீட்டு ஷெட்டுல இருக்குதுங்க" என்றார் இசாமு.

ஓட்சுகா ஏதேதோ திட்டினார். காற்று கடல்பக்கமிருந்து அடித்ததால் பாதி ஊருக்குள் போய்விட்டது. "கடைசிப் பரிசோதனையாமா, கடைசிப் பரிசோதனை! ஊருக்கெல்லாம் சிவப்பு அட்டை மாட்டுற மனுசன்!" என்பது மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

சாலையில் திருவிழாப் பஸ்கள் ரயில் நிலையம் வரை நின்றன. பெயின்ட் பிரிவில் வேலை செய்யும் மார்செலோ, பிரேசிலிலிருந்து வந்து இந்தத் தெருவுக்கே ஊதுகொம்பு வாசிக்கிறவன், அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பஸ்ஸுல போனீங்கன்னா அடுத்த வருசத் திருவிழாவுக்குச் சரியா வந்துரலாம்ணே."

தோமோயா முன்னால் வந்தான். "சாவியைக் குடுங்க மாமா. நான் பஸ்ஸுல வரல, என்ற வண்டி பைன் தோப்புக்குப் பின்னால நிக்குது. சந்து சந்தாப் பூந்து எடுத்துட்டு வந்துர்றேன்."

இசாமு இடுப்பிலிருந்த சாவியைக் கையால் பொத்திக்கொண்டார். சூத்திரக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே ஆயில் டப்பா இருக்கிறது, துணி இருக்கிறது, வடக்குக் கம்பெனி முத்திரையோடு கண்ணி வந்த காலி டப்பாவும் இருக்கிறது. சிக்கனக்காரர், டப்பாவைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

"அந்தப் பூட்டு சித்தெ முரண்டு பிடிக்கும். நானும் வர்றேன்."

"எதுல வருவீங்க?" என்றாள் அயுமி.

தோமோயா போய் வண்டியை எடுத்துவந்தான். எஞ்சினை அணைக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. தெற்குக் கம்பெனித் தெருவே கூடி நிற்கிற இடத்தில் வடக்குக் கம்பெனி வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஏறினால் போதும். ஆனால் பரிசோதிக்காத வண்டியில் இசாமு பிறந்ததிலிருந்து ஏறியதில்லை. அவர் எதையும் யோசிக்கவில்லை, கை தானாக எழுந்தது.

"முன் டயர், சரி! பின் டயர், சரி! விளக்கு, சரி!" குனிந்தார். செயினை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அவர் கைப்படப் பூட்டிய செயின். "செயின், சரி!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் தெருவே வாயைப் பிளந்து நிற்கிறது.

"கேட்டீங்களா எல்லாரும்?" என்று கத்தினார் ஓட்சுகா. கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, வயிறு குலுங்கியது. "தகபயாஷி சான் வடக்குக் கம்பெனி வண்டிக்குச் சரி சொல்லிட்டாருடோய்!"

மார்செலோ கொம்பை எடுத்து ஊதியே விட்டான்.

"போ, வெசையாப் போ" என்றார் இசாமு, மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு.

"இடுப்பைப் புடிச்சுக்கங்க மாமா."

"தேவையில்ல."

முதல் வளைவிலேயே பிடித்துக்கொண்டார். தேயிலைத் தோட்டத்து வரப்பு, மீன்கடைச் சந்து, பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் என்று வண்டி பறந்தது.

"மூணாவது கியர்ல ஒரு முனகல் வருது" என்று காதுக்குள் கத்தினார்.

"எல்லா வண்டியிலயும் வரும் மாமா!"

"எங்க வண்டியில வராது!"

"உங்க வண்டியில மூணாவது கியருக்குப் போறதுக்குள்ள விடிஞ்சுருமே!"

இசாமுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் இருப்பவனுக்குத் தெரியாது என்பதால் நன்றாகவே சிரித்துக்கொண்டார்.

ஷெட்டின் பூட்டு ஒரு முரண்டும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு திறந்தது. உள்ளே கயிறு தொங்கியது. அதற்குக் கீழே டப்பாக்கள். தோமோயா அந்தக் காலி டப்பாவைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இது எங்க கம்பெனி டப்பா."

"கயிறை எடு, நேரமாவுது."

"பூனை கடைக்குப் போயி வாங்கிட்டு வந்துச்சுங்களா?"

இசாமு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்தச் சத்தம் எனக்கு ஆவல. வேற ஒண்ணுமில்ல. அந்த வண்டி மேல நீ போற. பின்னால என்ற மவ உக்கார்றா. நாளைக்கு ரிகுவும் உக்காருவான். நடுரோட்டுல செயின் அறுந்தா என்னாவறது? காதுல கேட்டுட்டுச் சும்மா கெடக்க முடியுமா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல மாமா?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? தார்ப்பாயைப் போட்டு மூடச் சொன்னவனே நாந்தான்."

தோமோயா கயிற்றை எடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, "வாங்க மாமா" என்றான்.

கயிறு வந்து, கட்டி, பட்டம் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் வலது பக்கம் சாய்ந்து மணலில் மூக்கைக் குத்திக்கொண்டது. ஓட்சுகா ஓடிப்போய் இடது ஓரத்துக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார்.

"எவன்யா இதை நீளமாக் கட்டுனவன்? கடல்காத்துக்குன்னு ஒரு விரக்கடை குறைச்சுத்தான் வெச்சிருந்தோம்!"

இசாமு மணலை ஆராய்ந்துகொண்டிருந்தார். யசுயோ அவர் விரலைப் பிடித்து மடக்கி, தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். மறுபடி குட்டையாகக் கட்டியதும் பட்டம் ஆட்டமில்லாமல் ஏறியது. கயிற்றின் பின்பாகத்தை அயுமியும் தோமோயாவும் பிடித்திருக்க, நடுவில் ரிகுவின் கையையும் ஒட்ட வைத்தார்கள். பெயர் படிக்க முடியாத உயரத்துக்குப் போனபோது இசாமு வெளிப்படையாகவே அழுதார், மணல் பட்டது என்றெல்லாம் அவர் சொல்லவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றி, கொம்பு ஊதிக்கொண்டு, கால்களைத் தேய்த்துத் தேய்த்து மிதித்து ஆடியபடி சங்கத்தார் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். வாசலில் சாராயமும் பொரித்த கோழியும் தயாராக இருந்தன. ஆனால் உள்ளே நுழைய வழியில்லை. வாசலுக்கு நேர் நடுவில் வடக்குக் கம்பெனி வண்டி நின்றது. தோமோயா பின்சந்துக்குத் தள்ளப்போனபோது இசாமுதான் கைப்பிடியைப் பிடித்து இழுத்து அங்கே நிறுத்தியிருந்தார்.

"யாரு வண்டி இது? எடுங்கப்பா" என்றார் ஓட்சுகா, தெரிந்தே.

"என்ற மாப்பிள்ளையோடது. அது அங்கதான் நிக்கும். நீங்க சுத்தி ஆடுங்க" என்றார் இசாமு.

சுற்றித்தான் ஆடினார்கள். வேகம் ஏற ஏற அந்த வண்டியே பிள்ளை பெற்றது போலிருந்தது.

மறுநாள் காலை இசாமு குப்பைப் பையோடு வெளியே வந்தார். வண்டி வாசலிலேயே நின்றது. இருக்கையின் மேல் ஸ்பேனர், ஆயில் டப்பா, துவைத்து மடித்த துணி. மாடி ஜன்னலிலிருந்து ரிகுவை இடுப்பில் வைத்துக்கொண்டு தோமோயா எட்டிப் பார்த்தான்.

"மாமா, பின் பிரேக்கு சித்தெ கத்துது. பாத்துருங்க."

"குவார்ட்டர்ஸுக்குப் போற வழியில கடையில குடுத்துப் பாத்துக்க வேண்டியதுதானே" என்றார் இசாமு. சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க எங்கீங்க போறோம்? அங்க பிரேக்குப் பாக்கற பூனை கெடையாது."

இசாமு தெருவிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்தார். லீவு நாள், போகிற வருகிறவர்களெல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். பிரேக்கை முடித்து எழுந்தபோது எதிரே ஓட்சுகா. பக்கத்தில் ஏதோ ஒன்றைத் தார்ப்பாயோடு தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"தகபயாஷி சான்" என்றார், குரலே வெளியே வரவில்லை. தார்ப்பாயின் ஓரத்தைச் சற்றுத் தூக்கிக் காட்டினார். வடக்குக் கம்பெனி ஸ்கூட்டர். "என்ற வீட்டுக்காரி அவங்கக்கா வீட்டுல மறைச்சு வெச்சு ஓட்டிட்டிருக்கா. இதுலயும் செயினோ என்னமோ சத்தம் வருதாமா."

"ஸ்கூட்டர்ல ஏதுங்க செயின்? உள்ள பெல்ட்டு. அந்தத் தார்ப்பாயை எடுங்க மொதல்ல, மூச்சு முட்டுது அதுக்கு."

ஓட்சுகா தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுத்தார். இசாமு கையைத் துடைத்துக்கொண்டார். விறைப்பாக நின்றார். ஸ்கூட்டர் பக்கம் திரும்பவில்லை. கையை மேலே, மாடி ஜன்னலை நோக்கி நீட்டினார். குறி பார்க்க வேண்டியிருந்தது, கண் கலங்கியிருந்ததால்.

"மாப்பிள்ளை," என்றார் தெருவுக்கே கேட்க, "சரி!"